மூணு முதல் ஆறு வாரம் வரை முந்திப் பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பால்: பிரசவ அறையிலிருந்து வீடு வரை

என் மகள் 35 வாரம் 2 நாளில் பிறந்தாள். எடை 2 கிலோ 240 கிராம். பிறந்ததும் நன்றாக அழுதாள், காலை உதைத்தாள், பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "குறைமாசப் புள்ளன்னு சொல்லவே முடியாது" என்றார்கள். மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். ராமேஸ்வரம் தீவில் இருக்கிற தங்கச்சிமடத்தில் வீட்டுக்கு வந்ததும் அவள் தூங்கினாள், அப்படித் தூங்கினாள், நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் என்று. "அமைதியான புள்ள, உன்னையப் படுத்தவே மாட்டா" என்று தெருவே சொன்னது, நானும் நம்பினேன். ஐந்தாம் நாள் காலையில் உள்ளங்கால் வரை மஞ்சள். இரவிலிருந்து துணி நனையவே இல்லை. எடை போட்டால் 2 கிலோ 10 கிராம். பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேர்வதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அவள் வயிறு நிறைந்து தூங்கவில்லை. குடிக்கத் தெம்பில்லாமல் தூங்கினாள். பசித்தால் பிள்ளை அழும், அப்போது கொடுத்தால் போதும் என்பது முழுமாசப் பிள்ளைக்கான பேச்சு. கொஞ்சம் முந்திப் பிறந்த பிள்ளை பசித்தாலும் அழாது. இதை முதல் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த ஐந்து நாளும் வேறு மாதிரி போயிருக்கும். அப்புறம் ராமநாதபுரத்தில் இரண்டு சிஸ்டர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குக் கற்றுக்கொடுத்ததையும், அதற்குப் பிறகு எங்கள் பக்கம் இப்படிப் பிள்ளை பெற்றவர்களோடு இருந்து நான் தெரிந்துகொண்டதையும் வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் வாரத்தை எண்ணுங்கள்

கர்ப்பிணி அட்டையில் கடைசி மாதவிலக்குத் தேதியும் பிரசவத் தேதியும் இருக்கும். 40 வாரம் முடிகிற நாள்தான் அந்தப் பிரசவத் தேதி. 34 வாரம் முடிந்ததிலிருந்து 36 வாரம் 6 நாள் வரைக்கும் பிறந்த பிள்ளைக்குத்தான் இந்த வழிகாட்டி முழுவதும். 37 வாரம் முடிந்து பிறந்ததற்கும் பாதிக்கு மேல் பொருந்தும், "37 ஆயிருச்சுல்ல" என்று விட்டுவிடாதீர்கள்.

பால் குடிப்பது பெரியவர்கள் நினைப்பது போல ஒரு வேலை அல்ல, மூன்று வேலை: சப்ப வேண்டும், விழுங்க வேண்டும், நடுவில் மூச்சும் விட வேண்டும். இந்த மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து வரத் தொடங்குவதே 34 வாரம் வாக்கில்தான், பழுப்பதற்கு இன்னும் சில வாரம் ஆகும். அதுவரை நாலு சப்பு சப்பிவிட்டு மார்பிலேயே தூங்கிப்போகும். உடம்பில் கொழுப்பும் குறைவு, அதனால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கும், சர்க்கரை இறங்கினால் இன்னும் சோர்ந்து தூங்கும், தூங்கினால் குடிக்காது. குடிக்காவிட்டால் மலம் சரியாகப் போகாமல் மஞ்சள் ஏறும், மஞ்சள் ஏறினால் மறுபடியும் தூக்கம். ஒன்று இன்னொன்றைப் பிடித்து இழுக்கிற சங்கிலி இது. நாம் செய்கிற ஒவ்வொன்றும் இதை எங்கேயாவது ஒரு இடத்தில் அறுப்பதற்குத்தான்.

இன்னொன்று. "ஏழாம் மாசப் புள்ள தங்கும், எட்டாம் மாசப் புள்ள தங்காது" என்று நம் பக்கம் இன்னும் சொல்கிறார்கள், அதுவும் பெற்றவளின் காதுபடவே சொல்கிறார்கள். சுத்தமான பொய். வயிற்றில் ஒவ்வொரு வாரம் கூடுதலாக இருந்ததும் பிள்ளைக்கு லாபம்தான்.

முன்கூட்டியே தெரிந்தால்

ரத்த அழுத்தம், சர்க்கரை, இரட்டைப் பிள்ளை, பனிக்குடம் சீக்கிரம் உடைவது, இதில் எது இருந்தாலும் பிரசவம் முந்தலாம். அப்படியானால் பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு, அதாவது எல்லாரும் எஸ்.என்.சி.யு என்று சொல்வது, இருக்கிற இடத்தில் பிரசவம் பார்ப்பது நல்லது. ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் 55 கிலோமீட்டர் போல, மதுரை அங்கிருந்து இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல். பிறந்த பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட வயிற்றில் வைத்துக்கொண்டே போய்ச் சேர்வது எவ்வளவோ மேல். அரசு ஆஸ்பத்திரியில் தாய்க்கும் பச்சிளம் பிள்ளைக்கும் மருந்து, சோதனை, சாப்பாடு, வண்டி எல்லாம் இலவசம். கேட்கத் தயங்காதீர்கள்.

தாய்க்குச் சர்க்கரை இருந்தாலோ, ஆபரேஷன் செய்து எடுத்தாலோ, ரத்தம் நிறையப் போயிருந்தாலோ பால் இறங்க ஒரு நாள் கூடுதலாகலாம். அது தாமதம்தான், பால் இல்லை என்று அர்த்தமில்லை.

பிறந்த முதல் மணி நேரம்

பிள்ளை நன்றாக மூச்சு விடுகிறது என்று டாக்டர் சொன்னதும், துடைத்து, தொப்பியும் டயப்பரும் மட்டும் போட்டு உங்கள் வெறும் மார்பில் நிமிர்த்திப் படுக்க வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மார்புக்கும் நடுவில், தவளை மாதிரி கால் மடங்கி, தலை ஒரு பக்கமாகத் திரும்பி, மூக்கு மூடாமல் தாடை கொஞ்சம் நிமிர்ந்து இருக்க வேண்டும். மேலே ஒரு பருத்தித் துணியால் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொள்ளலாம், நம் பழைய வாயில் சேலையே போதும். இதைத்தான் கங்காரு முறை என்கிறார்கள். 1978இல் கொலம்பியாவில் பொகோட்டா நகரத்தில், கண்ணாடிப் பெட்டி போதாமல் திண்டாடிய ஒரு ஆஸ்பத்திரியில் ஆரம்பித்த முறை இது. பிறந்த உடனே தொடங்குங்கள், ஒரு நாளைக்கு 8 மணி நேரத்திலிருந்து 24 மணி நேரம் வரை எவ்வளவு முடியுமோ அவ்வளவு வையுங்கள் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. இவ்வளவு மலிவான, இவ்வளவு பலமான மருந்து வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

என் மகள் பிறந்தது மே மாதம், மீன்பிடி தடைக்காலம். படகெல்லாம் கரையில் கிடந்ததால் என் வீட்டுக்காரர் கூடவே இருந்தார். ராமநாதபுரத்தில் நான் தூங்கும்போதெல்லாம் சட்டையைக் கழற்றிவிட்டு அவர்தான் பிள்ளையை நெஞ்சில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கத்திரி வெயிலில் இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டும். அப்போது மேல் துணியைத் தளர்த்தி ஃபேனைத் தூரத்தில் வைத்துக்கொண்டால் போதும். அப்பா, பாட்டி, சித்தி யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

சேனை வைப்பது, அதாவது பிறந்த பிள்ளையின் நாக்கில் பெரியவர் ஒருவர் முதலில் இனிப்புத் தொட்டு வைப்பது பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கம் சில வீட்டில் சர்க்கரைத் தண்ணீர், சில வீட்டில் தேன், சில வீட்டில் பேரீச்சம்பழச் சாறு. ஆசிக்காகச் செய்கிறார்கள், அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் தேன் ஒரு வயது முடியும்வரை எந்தப் பிள்ளைக்கும் ஆகாது, இந்தப் பிள்ளைக்கு எதுவுமே ஆகாது. பெரியவர் கையை நன்றாகக் கழுவிவிட்டு உங்கள் சீம்பாலையே ஒரு சொட்டு விரலில் தொட்டு வைக்கட்டும். கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பாட்டியாரிடம் இப்படிச் சொன்னதும் அவர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார்.

சீம்பாலைக் கையால் பீய்ச்சுவது

பிறந்த முதல் மணி நேரத்துக்குள்ளேயே, முடியாவிட்டால் 6 மணி நேரத்துக்குள், கையால் பீய்ச்ச ஆரம்பித்துவிடுங்கள், பிள்ளை மார்பில் சப்பினாலும் சரி. சின்னப் பிள்ளையின் சப்பில் மார்பு காலியாகாது, காலியாகாத மார்பு "பால் தேவையில்லை போல" என்று எண்ணி உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். பிள்ளைக்குத் தெம்பு வருகிற நாளில் பால் இல்லாமல் போகக் கூடாது என்றால், அதுவரை பிள்ளையின் வேலையை உங்கள் கைதான் செய்ய வேண்டும். 24 மணி நேரத்தில் குறைந்தது 8 தடவை, அதில் ஒன்று நடுராத்திரியில்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மார்பில் கொஞ்ச நேரம் வையுங்கள், கூட இருப்பவர் முதுகைத் தேய்த்துவிட்டால் இன்னும் நல்லது. கட்டைவிரலைக் கருவட்டத்துக்கு மேலே, ஆள்காட்டி விரலைக் கீழே, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்துங்கள், அப்புறம் இரண்டு விரலையும் ஒன்றை நோக்கி ஒன்று அமுக்குங்கள், விடுங்கள். அழுத்து, அமுக்கு, விடு. தோல் மேல் விரலை வழுக்கவிடாதீர்கள், காம்பைப் பிடித்து இழுக்காதீர்கள், வலித்தால் விரல் தவறான இடத்தில் இருக்கிறது. சொட்டு நின்றதும் விரலைக் கடிகார முள் மாதிரி சுற்றி வேறு இடத்தில் வையுங்கள். இரண்டு மார்பும் சேர்த்து 15, 20 நிமிடம்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த சிஸ்டர் ஊசியில்லாத சின்ன சிரிஞ்சை என் காம்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சொட்டாக உறிஞ்சினார். அப்போது வந்தது சீம்பால் இல்லை, ஆறாம் நாளாகிவிட்டதே, ஆனாலும் பால் வற்றத் தொடங்கியிருந்ததால் 20 நிமிடத்தில் வந்தது 8 மில்லி. நான் அழுதேன். அவர் சிரிஞ்சை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, "இது இருக்குல்ல, அப்ப இன்னும் வரும்மா" என்றார். அடுத்த மூன்றாம் நாள் ஒரு தடவைக்கு 40 மில்லி வந்தது.

முதல் நாளில் சில சொட்டுதான் வந்தால் பயப்படாதீர்கள், பிள்ளைக்கும் அவ்வளவுதான் தேவை. முதல் 24 மணி நேரத்தில் ஒரு தடவைக்கு 2இலிருந்து 10 மில்லி, இரண்டாம் நாள் 5இலிருந்து 15, மூன்றாம் நாள் 15இலிருந்து 30, நான்காம் நாள் 30இலிருந்து 60. பொதுவான கணக்கு இது, உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை எடையைப் பார்த்து டாக்டர் சொல்வார். முதல் நாளிலேயே யாராவது "பால் பத்தலை, பவுடர் வாங்கிட்டு வாங்க" என்றால் இந்த எண்களை நினைத்துக்கொண்டு ஏன், எவ்வளவு என்று கேளுங்கள். பவுடர் கம்பெனிகள் தாய்மாருக்கு இலவச டப்பா கொடுப்பதையே 1992ஆம் வருடச் சட்டம் தடுத்திருக்கிறது.

மார்பில் போடுவது

மூன்று மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள், பகலோ இரவோ. 24 மணி நேரத்தில் 8இலிருந்து 12 தடவை. அழுகைக்குக் காத்திருக்க வேண்டாம். மூடிய இமைக்குள் கண் அசையும், வாய் சப்புக் கொட்டும், கை வாய்ப்பக்கம் போகும், அப்போதே எடுங்கள். எதுவும் இல்லாமல் தூங்கினால் எழுப்புங்கள். "தூங்குற புள்ளையை எழுப்பாதே" என்று மாமியார் சொன்னால் டாக்டர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள், டாக்டரும் அதைத்தான் சொல்வார். சுற்றியிருக்கிற துணியைப் பிரியுங்கள், டயப்பரை மாற்றுங்கள், முதுகையும் உள்ளங்காலையும் மெதுவாகத் தேயுங்கள், நிமிர்த்திப் பிடியுங்கள். முகத்தில் தண்ணீர் தெளிக்காதீர்கள், காலைச் சுண்டாதீர்கள்.

இந்தப் பிள்ளைக்குக் கழுத்து நிற்காது, தாடையும் பலமில்லை. மடியில் தொட்டில் மாதிரி ஏந்திப் பிடித்தால் தலை சரிந்து காம்பு வாயிலிருந்து நழுவிவிடும். இடது மார்பில் கொடுக்கும்போது வலது கையால் பிள்ளையின் கழுத்துக்கும் தோளுக்கும் பின்னால் தாங்கிப் பிடியுங்கள், இடது கையால் மார்பைத் தாங்குங்கள். இல்லையென்றால் பிள்ளையின் உடம்பை உங்கள் அக்குளுக்குக் கீழே, குடத்தை இடுக்குவது போல இடுக்கிக்கொள்ளுங்கள். ஆபரேஷன் ஆனவர்களுக்கு இதுதான் வசதி, தையலில் பாரம் விழாது. காம்பை மேலுதட்டில் தொடுங்கள், வாய் அகலத் திறக்கும்வரை பொறுங்கள், திறந்ததும் மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகாமல் பிள்ளையை மார்புக்குக் கொண்டுவாருங்கள். தாடை மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்து, கருவட்டம் கீழே மறைந்து மேலே கொஞ்சம் தெரிந்தால் பிடித்தது சரி.

அப்புறம் காதைக் கொடுங்கள். ஆழமாக ஒரு சப்பு, ஒரு நொடி நிற்கும், "க்" என்று விழுங்குகிற சத்தம். இது குடிப்பது. உதடு மட்டும் பட்டாம்பூச்சி மாதிரி படபடத்தால் குடிக்கவில்லை, தூங்குகிறது. அரைமணி நேரம் வாயில் இருந்தது என்பது கணக்கே இல்லை, எத்தனை விழுங்கல் என்பதுதான் கணக்கு. சப்பு நிற்கும்போது மார்பைக் கையால் மெதுவாக அமுக்கிக் கொடுங்கள், பால் வாயில் இறங்கியதும் மறுபடி விழுங்கும். அதற்கும் அசையாவிட்டால் அடுத்த மார்புக்கு மாற்றுங்கள். எல்லாம் சேர்ந்து 30 நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள், அதற்கு மேல் பிள்ளை குடிப்பதைவிடச் செலவழிப்பது அதிகம்.

முடிந்தால் சிஸ்டரை ஒரு தடவை முழுவதும் பக்கத்தில் நின்று பார்க்கச் சொல்லுங்கள். குடிப்பதற்கு முன்னும் பின்னும் அதே துணியோடு எடை போட்டுப் பார்க்கலாம், ஏறியது 12 கிராம் என்றால் குடித்தது ஏறக்குறைய 12 மில்லி. நான் பிரசவித்த இடத்தில் "பால் குடிக்குதா?" என்று வாசலில் நின்று கேட்டார்கள், நான் "குடிக்குது" என்றேன், அட்டையில் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். கேட்டவருக்கும் வேலை நெருக்கடி, சொன்ன எனக்கும் தெரியாது.

பாலாடையில் மேல்பால்

மார்பில் போட்டு முடித்ததும் பீய்ச்சி வைத்த பாலை மேல்பாலாக, பாலாடையில், அதாவது மூக்கு வைத்த சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். பாட்டில் வேண்டாம். நம் வீட்டுச் சங்கு, பாலாடை எல்லாம் இன்றைக்குப் பெரிய ஆஸ்பத்திரிகளில் குறைமாசப் பிள்ளைகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். நம் பக்கம் இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது: குடத்துக்குக் காசு கொடுத்து நல்ல தண்ணீர் வாங்குகிற ஊரில், உப்புத் தண்ணீரில் பாட்டிலையும் நிப்பிளையும் எட்டு வேளையும் சுத்தமாக வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பாலாடையில் மூலை முடுக்கு கிடையாது, கழுவிக் கொதிக்க வைத்தால் முடிந்தது.

பிள்ளை விழித்திருக்க வேண்டும். துணியில் சுற்றி, முக்கால்வாசி நிமிர்த்தி மடியில் வைத்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாயுங்கள். நீங்கள் ஊற்றக் கூடாது, அது உறிஞ்ச வேண்டும். விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. அவசரப்பட்டு ஊற்றினால் புரையேறும். என் வீட்டுக்காரர் இதில் என்னைவிடப் பொறுமைசாலி, வலை முடிந்து பழகிய விரல், ஒரு சொட்டு சிந்தாது.

மார்பு, மேல்பால், பீய்ச்சல் மூன்றும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அவர் பாலாடையில் கொடுக்கும்போதே நான் பீய்ச்சிவிடுவேன், அப்போதுதான் அடுத்த வேளைக்குள் கொஞ்சம் தூங்க முடியும்.

பீய்ச்சிய பால் மூடி போட்ட சுத்தமான பாத்திரத்தில், நம் வெக்கைக்கு வெளியே 4 மணி நேரம், ஃபிரிட்ஜில் 24 மணி நேரம். கரண்ட் போய்விட்டால் கணக்கை மறுபடி பாருங்கள். அடுப்பில் காய்ச்ச வேண்டாம், வெந்நீரில் பாத்திரத்தை வைத்தால் போதும். உங்கள் பால் போதாதபோது தாய்ப்பால் வங்கியில் பதப்படுத்திய பால் அடுத்தது, அதுவும் கிடைக்காமல் டாக்டர் பவுடர் பால் எழுதினால் கொடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டவே வேண்டாம். பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது, அதுதான் முதல். பீய்ச்சுவதை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பிள்ளை உள்ளே, நீங்கள் வெளியே என்றால்

பீய்ச்சியதை நேரம் எழுதி உள்ளே கொடுங்கள், குழாய் வழியாகக் கொடுத்தாலும் உங்கள் பால்தான் போகட்டும். உள்ளே போய்ப் பார்க்க, தொட, கங்காரு முறையில் வைக்கக் கேளுங்கள். மஞ்சளுக்கு லைட்டில் வைத்தாலும் பால் நேரத்துக்கு வெளியே எடுத்துக் கொடுக்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். காலை வெயிலில் காட்டுவது லைட்டுக்கு ஈடாகாது.

டிஸ்சார்ஜுக்கு முன்

48 மணி நேரத்துக்கு முன் கிளம்பாதீர்கள், பிள்ளை பார்க்க வந்த சொந்தம் ஊருக்குப் போகிறது, நல்ல நேரம் முடியப் போகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும். ஒரு முழு நாள் பிள்ளை சரியாகக் குடித்ததை ஆஸ்பத்திரியில் யாராவது கண்ணால் பார்த்திருக்க வேண்டும். மஞ்சளுக்கு ரத்தச் சோதனை ஆகியிருக்க வேண்டும், இந்தப் பிள்ளைகளுக்கு மஞ்சள் உச்சத்துக்குப் போவது ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், அதாவது வீட்டுக்குப் போன பிறகு. பிறந்த எடையில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கேளுங்கள். மூன்றாம் நாளில் 7 சதவீதத்துக்கு மேல் என்றால் மேல்பால் கூட்ட வேண்டுமா என்று டாக்டரிடம் பேசுங்கள். எத்தனை மணிக்கொருமுறை, எத்தனை மில்லி என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அடுத்த இரண்டு நாளுக்குள் திரும்ப வந்து எடை போடத் தேதி வாங்குங்கள்.

வீட்டில்

ஒரு நோட்டில் நேரம், குடித்த அளவு, மூத்திரம், மலம் எழுதுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து 24 மணி நேரத்தில் 6 தடவையாவது மூத்திரம் போக வேண்டும், கருப்பு மலம் மாறி மஞ்சளாக வந்திருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்ப வர வேண்டும், எடை ஏற ஆரம்பித்த பிறகு ஒரு நாளைக்கு 20இலிருந்து 30 கிராம். கிராம சுகாதார செவிலியர் அக்கா வரும்போது தராசோடு வரச் சொல்லுங்கள். விட்டமின் டி சொட்டு, இரும்புச் சத்து சொட்டு டாக்டர் எழுதினால் விடாமல் கொடுங்கள். தண்ணீர், உரைமருந்து, கிரைப்வாட்டர் எதுவும் வேண்டாம்.

குளிர்ச்சியைத் தொட்டுப் பாருங்கள். பாதம் சில்லென்று, வயிறு சூடாக இருந்தால் குளிர ஆரம்பித்திருக்கிறது, உடனே நெஞ்சில் போடுங்கள். வாடைக்காற்று மாதங்களில் பிறந்ததென்றால் ராத்திரியில் இன்னும் கவனம். எண்ணெய்க் குளியலைத் தள்ளிப் போடுங்கள்.

தாய்க்கு: பால்சுறாப் புட்டு, பூண்டு, முருங்கைக்கீரை எல்லாம் நன்றாகச் சாப்பிடுங்கள், தெம்பு வரும். ஆனால் பாலைப் பெருக்குவது மார்பு காலியாவதுதான். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்கிறார்களே, அதை மட்டும் கேட்காதீர்கள்.

உடனே 108

இரண்டு வேளை தொடர்ந்து எழுப்பியும் குடிக்கவில்லை, உடம்பு நெஞ்சில் போட்டும் சூடேறவில்லை அல்லது காய்ச்சல், நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, உதடு நீலம், வலிப்பு அல்லது நடுக்கம், உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சள், எட்டு மணி நேரமாக மூத்திரம் இல்லை. இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். போகும் வழியில் பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு போங்கள்.

மேல்பாலை எப்போது நிறுத்துவது

பிரசவத் தேதி நெருங்க நெருங்கச் சப்பு பலப்படும். பிள்ளை தானாக எழுந்து கேட்கும், மார்பில் விழுங்கல் கூடும், பாலாடையைக் காட்டினால் உதட்டை மூடிக்கொள்ளும். அப்போது ஒரு நாளில் ஒரு வேளை மேல்பாலை மட்டும் விடுங்கள், இரண்டு மூன்று நாள் கழித்து எடை போடுங்கள், ஏறியிருந்தால் இன்னொரு வேளை. பீய்ச்சுவதையும் இதே மாதிரி படிப்படியாகக் குறையுங்கள், ஒரேயடியாக விட்டால் பால் கட்டிக்கொள்ளும். 40 வாரக் கணக்கு முடியும்வரை வாரம் ஒரு எடை.

என் மகளுக்கு ஜூன் கடைசியில் பாலாடை நின்றது. தடைக்காலம் முடிந்து படகு கடலுக்குப் போய்ப் பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. விடிகாலையில் கரை திரும்பிய அவர் வழக்கம் போலக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுப்படியில் பாலாடையைத் தேடினார். நான் அவளை மார்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்த "க்" சத்தம் கதவு வரைக்கும் கேட்டது.